சீனியர் என்றால் பயமா, துணையா? '6 பேருக்கு ஒரு வழிகாட்டி' என்று யுஜிசி விதியே சொல்வது உங்களுக்குத் தெரியுமா?

ஹாஸ்டல் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. ஒரு சூட்கேஸ், பக்கெட்டுக்குள் திணித்த தலையணை, ஒரு டப்பா முறுக்கு. அட்மிஷன் வேலையை முடித்துவிட்டு அப்பாவும் அம்மாவும் "சாப்பிட்டுட்டு போன் பண்ணு" என்று சொல்லி ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தப் புதிய மாணவரிடம் வந்து பேசப்போவது பேராசிரியரோ கல்லூரி முதல்வரோ இல்லை. பெரும்பாலும் ஒரு சீனியர்தான்.

அந்த சீனியர், "சாப்டியா? மெஸ் எட்டரைக்கு மூடிடுவாங்க, வா போலாம்" என்று சொல்லலாம். அதே சீனியர், "ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்கு வந்துடு, இன்ட்ரோ இருக்கு" என்றும் சொல்லலாம். இரண்டில் எது நடக்கிறது என்பதை வைத்தே அந்த மாணவரின் முதல் செமஸ்டர் எப்படி இருக்கும் என்பது பெருமளவு முடிவாகிவிடுகிறது.

நீங்கள் காலேஜ் முடித்துச் சில வருடங்கள் ஆகியிருக்கலாம். ஆனாலும் இது உங்களுக்கும் தேவையான விஷயம்தான். உங்கள் தம்பியோ தங்கையோ இந்த ஆண்டு வெளி மாநிலத்தில் சேரலாம். பழைய கல்லூரியிலிருந்து 'மென்டராக வாங்க' என்று மெயில் வரலாம். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை உங்கள் பொறுப்பில் விடலாம். புதியவரை வரவேற்பது எப்படி, இந்தியக் கல்லூரிகளில் இதற்கு என்ன விதி இருக்கிறது, எங்கே கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

ராகிங் தடை விதி என்றதும் நம் நினைவுக்கு வருவது அட்மிஷன் நேரத்தில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2009-ல் கொண்டுவந்த விதிமுறைகளில் அது ஒரு பகுதி மட்டுமே. அதே விதிமுறைகளுக்குள் பலரும் கவனிக்காத இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: வழிகாட்டிகள் குழு.

ஒவ்வொரு கல்வி ஆண்டின் முடிவிலும், அடுத்த ஆண்டு வரப்போகும் புதிய மாணவர்களுக்காக, தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு இந்தக் குழுவைக் கல்லூரி அமைக்க வேண்டும். 6 புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அப்படிப்பட்ட 6 வழிகாட்டிகளுக்கு, அவர்களுக்கு மேல் வகுப்பில் படிக்கும் ஒரு வழிகாட்டி. கல்லூரியில் எத்தனை பேட்ச் இருக்கிறதோ அதற்கேற்ப இந்த அடுக்குகள் மேலே போகும்.

இதைக் கணக்காகப் போட்டால் எளிதாகப் புரியும். ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் 600 பேர் முதலாம் ஆண்டில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டிலிருந்து 100 வழிகாட்டிகள் தேவை. அந்த 100 பேரைக் கவனிக்க மூன்றாம் ஆண்டிலிருந்து சுமார் 17 பேர். அந்த 17 பேருக்கு இறுதி ஆண்டிலிருந்து 3 பேர். மொத்தம் 120 மாணவர்கள் சேர்ந்தால், 600 பேரில் ஒருவர்கூடத் தனியாக விடப்படாத ஒரு வலை உருவாகிவிடும்.

ஏன் 6? அதற்கான காரணத்தை விதி சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். 6 பேர் என்றால் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துப் பேசலாம், எல்லாருடைய பெயரும் ஊரும் நினைவில் நிற்கும். அவர்களில் ஒருவர் மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். 60 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அது தெரியாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

இதன் பின்னணியில் உயிரிழப்புகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1996 நவம்பர். சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். மாநிலத்தையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங்கில் ஈடுபட்டால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம்.

தேசிய அளவில், 2006-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சிபிஐயின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன், தமிழ்நாடு பிரிவு ஐபிஎஸ் அதிகாரியாக இருந்தவர். அவரது குழுவின் அறிக்கை 2007-ல் வந்தது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டும் நிலைமை மாறவில்லை. 2009 மார்ச்சில் ஹிமாச்சலப் பிரதேசத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர்கள் தாக்கியதில் இறந்தார். நீதிமன்றம் மீண்டும் கடுமை காட்டியது. அதன் பிறகே, 2009 ஜூனில், யுஜிசி விதிமுறைகளும் 24 மணி நேர உதவி எண்ணும் வந்தன.

அந்த விதிமுறைகளில் தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன: இடைநீக்கம், தேர்வு எழுதத் தடை, ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றம், அட்மிஷன் ரத்து. குற்றமாகத் தெரிந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமை எஃப்ஐஆர் பதிவு செய்ய வைக்க வேண்டும். இவ்வளவு தண்டனைகளுக்கு நடுவில்தான் வழிகாட்டிகள் குழுவும் எழுதப்பட்டிருக்கிறது. ஜூனியர், சீனியர் இருவரையும் எப்போதும் பிரித்தே வைத்திருக்க முடியாது. நான்கு வருடம் ஒரே மெஸ், ஒரே லைப்ரரி, ஒரே கிரவுண்ட். எப்படியும் சந்திக்கத்தான் போகிறார்கள். அந்தச் சந்திப்பு பொறுப்போடு நடக்க ஒரு வழியை விதியே அமைத்துத் தருகிறது.

'ராகிங் இல்ல ப்ரோ, சும்மா இன்ட்ரோ': எது எல்லை?

இன்று 'ராகிங்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. 'இன்ட்ரோ', 'இன்டராக்‌ஷன்', 'ஃப்ரெண்ட்லி டாக்' என்று பெயர் மாறிவிட்டது. "எங்களுக்கும் நடந்துச்சு, அதனாலதான் சீனியரோட நல்லா பழக முடிஞ்சுது" என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

யுஜிசி விதி பெயரைப் பார்ப்பதில்லை. ஒரு மாணவர் சாதாரணமாகச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி, அதனால் அவருக்கு வெட்கமோ வேதனையோ ஏற்பட்டால் அது ராகிங். ஜூனியரை வைத்து ரெக்கார்டு நோட்டு எழுத வாங்கினால் ராகிங். 'ட்ரீட் வை' என்று கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைத்தாலும் ராகிங். 2016-ல் வந்த திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: நிறம், மதம், சாதி, பாலினம், பாலியல் நாட்டம், தோற்றம், மொழி, ஊர், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங்தான். வட இந்தியாவில் படிக்கப் போகும் தமிழ் மாணவரின் இந்தியைக் கிண்டல் செய்து அழ வைப்பதும் இதில் வரும். தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் பீகார் மாணவரை அவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வதும் அப்படியே.

2025 ஜூலையில் யுஜிசி இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது. ஜூனியர்களைத் துன்புறுத்துவதற்காக சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்களும் ராகிங்காகவே கருதப்படும், கல்லூரிகள் அவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்றது.

இவ்வளவு விதியையும் மனப்பாடம் செய்ய முடியாது என்றால், ஒரே ஒரு கேள்வியை நினைவில் வையுங்கள். அந்த ஜூனியர் "இல்லண்ணா, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தன் ரூமுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடியுமா? முடியும் என்றால் அது அறிமுகம். மறுநாள் என்ன நடக்குமோ என்று பயந்து விழித்திருப்பார் என்றால், அது எவ்வளவு சிரிப்போடு நடந்தாலும் அறிமுகம் கிடையாது.

வளாகங்களில் இது எப்படி நடக்கிறது?

புதியவர்களை முறையாக வரவேற்கும் முயற்சிகள் நாட்டின் பல இடங்களில் நடக்கின்றன. ஐஐடி காந்திநகர் 2011-ல் ஒரு அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியது. வழக்கமான பாடங்கள் ஆரம்பிக்கும் முன் புதிய மாணவர்களுக்கு 5 வாரம் விளையாட்டு, கலை, சமூகப் பணி, குழுவாகச் செய்யும் வேலை என்று போகும். இதுபோன்ற அனுபவங்களைப் பார்த்து, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான ஏஐசிடிஇ அமைப்பு முதலாம் ஆண்டுக்கு 3 வாரத் தொடக்கப் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2019-ல் யுஜிசி எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்குமாக 'தீக்ஷாரம்ப்' என்ற கையேட்டை வெளியிட்டது. புதியவர்களும் சீனியர்களும் பழகுவது, வளாகத்தையும் ஊரையும் சுற்றிப் பார்ப்பது, விதிமுறைகளையும் உதவி வசதிகளையும் தெரிந்துகொள்வது, படிக்கும் முறையைப் பழகுவது ஆகியவை அதில் வருகின்றன.

ஐஐடி பாம்பேயில் மாணவர் வழிகாட்டித் திட்டம் ஒன்று இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு குழு, அந்தந்தத் துறையில் படிப்பில் தடுமாறுபவர்களுக்கு இன்னொரு குழு என இரண்டு கிளைகளாக இயங்குகிறது. ஐஐடி கான்பூரில் ஆலோசனை சேவையின் கீழ் 'ஸ்டூடன்ட் கைட்' என்ற பெயரில் சீனியர்கள் புதியவர்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். இதுபோன்ற இடங்களில் வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்த பிறகே ஜூனியர்களை ஒப்படைக்கிறார்கள்.

நிர்வாகம் அமைக்காத வழிகளும் உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் நாட்களில் மாணவர் அமைப்புகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். படிவம் நிரப்ப, தங்க இடம் தேட, புதியவர்களுக்கு உதவுவார்கள். அதற்குப் பின்னால் அரசியல் ஆதரவு திரட்டும் நோக்கமும் இருக்கும். உதவியைப் பெற்றுக்கொள்ளலாம், அமைப்பில் சேருவது தனி முடிவு என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொண்டால் போதும். 1993-ல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உருவான அம்பேத்கர் மாணவர் சங்கம் போன்ற அமைப்புகள், குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வரும் தலித் மாணவர்களுக்கு ஒரு துணையாக இருந்திருக்கின்றன.

ஆனால் நிறைய கல்லூரிகளில் இந்த ஏற்பாடு பேப்பரோடு நின்றுவிடுகிறது. வழிகாட்டி பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கும், ஆள் யாரென்று ஜூனியருக்குத் தெரியாது. ஆடிட்டோரியத்தில் மூன்று நாள் பேச்சு, ஒரு குரூப் போட்டோ, அத்துடன் சரி.

நல்ல வழிகாட்டி எப்போது, என்ன செய்வார்?

*வருவதற்கு முன்:* வரவேற்பு கேட்டில் ஆரம்பிப்பதில்லை, போனில் ஆரம்பிக்கிறது. 2024-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணம் 17,500 ரூபாயைக் குடும்பம் கடைசி நாளில் திரட்டியும், மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் கட்டி முடிக்க முடியவில்லை. இடம் போய்விட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அதிகார உத்தரவால்தான் அவருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. எல்லாராலும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது. கடைசித் தேதி என்ன, எந்தெந்த சான்றிதழ் வேண்டும், எத்தனை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும், பணம் கட்டுவதில் சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது? போன வருடம் இதையெல்லாம் கடந்து வந்த ஒருவர் ஒரு வாரம் முன்பே சொன்னால் பாதிப் பதற்றம் குறையும்.

*முதல் நாள்:* பெயரைக் கேளுங்கள், சரியாக உச்சரியுங்கள். மெஸ், குடிதண்ணீர், மருந்தகம், ஏடிஎம், பஸ் ஸ்டாப் ஆகிய ஐந்தையும் கூடவே நடந்து காட்டுங்கள். முதல் சாப்பாட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். வட இந்திய ஹாஸ்டலில் ராத்திரி ரொட்டி மட்டும் இருக்கும்போது, தயிர் சாதம் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ஒரு அக்காவின் மதிப்பு அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்.

*முதல் வாரம்:* யாரும் எழுதி வைக்காத விஷயங்களைச் சொல்ல வேண்டிய நேரம் இது. வருகைப் பதிவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள்? கிரெடிட் என்றால் என்ன? பேராசிரியருக்கு மெயில் எப்படி எழுதுவது? உதவித்தொகைக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது? உதாரணமாக, ஐஐடிகளின் பி.டெக் படிப்பில் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவானவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. 1 முதல் 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. தகுதி இருந்தும் வருமானச் சான்றிதழைச் சரியான நேரத்தில் கொடுக்காவிட்டால் சிக்கல்தான்.

*முதல் தேர்வு முடிந்ததும்:* வழிகாட்டி கட்டாயம் திரும்பி வர வேண்டிய நேரம் இது. பிளஸ் டூவில் 580 எடுத்தவர், முதல் இன்டர்னலில் 50-க்கு 11 வாங்கி உட்கார்ந்திருப்பார். தமிழ் மீடியத்தில் படித்தவராக இருந்தால், கேள்வியே புரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பார். 'நாம இந்த இடத்துக்கு லாயக்கில்ல' என்று முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

அமெரிக்காவின் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகிய இரு உளவியலாளர்கள் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, 'நமக்கு இங்கே இடமில்லையோ என்ற எண்ணம் எங்களுக்கும் வந்தது, போகப் போகச் சரியானது' என்ற பொருளில் சீனியர்களின் அனுபவங்கள் காட்டப்பட்டன. மொத்தமே ஒரு மணி நேரப் பயிற்சி. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தியச் சூழல் வேறுதான். ஆனால் "எனக்கும் முதல் செம்ல மேத்ஸ் அரியர்" என்று ஒரு சீனியர் வாய்விட்டுச் சொல்வது ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. வெற்றிக் கதையை மட்டும் சொல்லும் சீனியரைப் பார்த்தால் ஜூனியருக்குத் தன் குறைதான் பெரிதாகத் தெரியும்.

*அதன் பிறகு:* மாதம் ஒருமுறை டீ போதும். எப்போதும் பக்கத்திலேயே இருப்பது வழிகாட்டியின் வேலை கிடையாது. ஜூனியருக்குச் சொந்த நண்பர்கள் கிடைத்து, உங்களைத் தேடுவது குறைந்தால் உங்கள் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட்கக் கூடாத கேள்விகள்

"உன் ரேங்க் என்ன?" ரொம்பச் சாதாரணக் கேள்வி போலத் தெரியும். ஆனால் அந்த எண்ணை வைத்து இட ஒதுக்கீட்டில் வந்தவரா என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கேட்பவருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், பதில் சொல்பவருக்கு அந்தப் பயம் இருக்கும். ஐஐடி பாம்பே 2023 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சக மாணவரின் ஜேஇஇ ரேங்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

"சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? முழுப் பேரு சொல்லு" என்று வரிசையாகக் கேட்பதும் இதே வகைதான். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு குறித்து ஆராய்ந்த தோரட் குழு 2007-லேயே ஹாஸ்டல் அறைகளிலும் விளையாட்டிலும் நட்பிலும் பிரிவினை இருந்ததைப் பதிவு செய்தது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் முதல் சில வாரங்களின் பழக்கம் முடிவு செய்துவிடும். அந்த வாரங்களில் 6 பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வழிகாட்டியால் முடியும்.

அப்போ என்னதான் கேட்பது? "என்ன பாட்டு கேப்ப? எந்த கேம் ஆடுவ? இங்க எது புதுசா இருக்கு? ஏதாவது புரியலையா?" இவை போதும். மீதியை அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

வழிகாட்டி எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

இதைத் தெரியாமல் இறங்கினால் நல்ல மனதோடு செய்வதே ஆபத்தாகலாம். சீனியர் வழிகாட்டி ஆலோசகர் அல்ல, டாக்டர் அல்ல. அவருக்கும் 19, 20 வயதுதான். அவருக்கும் தேர்வு இருக்கிறது.

ஜூனியர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, பழைய பழக்கத்திலிருந்து மாறியதைக் கவனிப்பது, சரியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது: வழிகாட்டியின் வேலை இந்த மூன்றும்தான். சாப்பிடாமல் இருப்பது, வகுப்புக்கு வராமல் ரூமிலேயே அடைந்து கிடப்பது, தூக்கமே இல்லாமல் இருப்பது, 'நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டம் இல்ல' என்பது போன்ற பேச்சு தெரிந்தால் ஆலோசகரிடம் போக வேண்டும். "போய்ப் பாரு" என்று ரூம் நம்பரைக் கொடுத்து அனுப்பாமல், கூடவே நடந்து போங்கள்.

ரகசியம் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுனா கண்டிப்பா சொல்லுவேன்." இப்படி முதலிலேயே பேசி வைத்தால், பின்னால் நம்பிக்கைத் துரோகம் என்ற குற்ற உணர்வு யாருக்கும் வராது.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. மாணவர் தற்கொலைகளைக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஒரு தகுதி பெற்ற ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சிறு சிறு மாணவர் குழுக்களுக்குத் தனி வழிகாட்டி அல்லது ஆலோசகர் இருக்க வேண்டும், குறிப்பாகத் தேர்வு நேரத்திலும் படிப்பில் புதிய கட்டத்துக்கு மாறும் நேரத்திலும் அது தேவை என்றும் சொன்னது. ஆயிரம் பேருக்கு ஒரு ஆலோசகர் இருக்கும் இடத்தில், யாருக்கு உதவி தேவை என்பது முதலில் கண்ணில் படுவது பக்கத்து அறை சீனியருக்குத்தான். ஆலோசகரே இல்லாத கல்லூரி, அந்தப் பாரத்தை சீனியர் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவும் கூடாது.

இன்னும் சில எல்லைகள்: கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். ஜூனியரின் அசைன்மென்டை நீங்கள் எழுதித் தர வேண்டாம். வழிகாட்டியாக இருக்கும் காலத்தில் காதல் பேச்சு வேண்டாம். அங்கே சமநிலை இல்லை, 'வேண்டாம்' என்று சொல்வது ஜூனியருக்குக் கஷ்டம். ஒருவர் உங்களோடு ஒட்டவில்லை என்றால் வேறு வழிகாட்டிக்கு மாற்றிவிடுவதில் தவறே இல்லை.

இதில் தலைமை எங்கே இருக்கிறது?

கல்லூரித் தலைமை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கல்ச்சுரல்ஸ் செக்ரட்டரி, யூனியன் தேர்தல், மேடையில் மைக். வழிகாட்டிக்கு மேடை கிடையாது. அவர் சரியாக வேலை செய்தால் எதுவுமே நடக்காது: யாரும் படிப்பை விட்டுப் போகவில்லை, யாரும் மாடியில் நின்று அழவில்லை. நடக்காத ஒன்றுக்குக் கேடயம் தர முடியாது.

ஆனால் வேலைக்குப் போன பிறகு தேவைப்படும் பல பழக்கங்கள் இங்கேதான் வருகின்றன. சொன்ன நேரத்துக்கு வருவது. தெரியாததைத் 'தெரியாது, கேட்டுச் சொல்றேன்' என்று ஒப்புக்கொள்வது. 6 பேரில் அதிகம் பேசுபவரை விட்டுவிட்டுப் பேசாதவரைக் கவனிப்பது. தன்னிடம் இருக்கும் சின்ன அதிகாரத்தை அடுத்தவரைப் பயமுறுத்தப் பயன்படுத்தாமல் இருப்பது. இவற்றைப் பழகியவர் நாளை டீம் லீட் ஆனால், அவர் டீமில் சேரும் புதியவர் கொடுத்து வைத்தவர்.

இன்னொன்றும் நடக்கிறது. நன்றாக வரவேற்கப்பட்ட ஜூனியருக்கு அடுத்த ஆண்டு அதே மாதிரி வரவேற்கத் தெரியும். பயமுறுத்தப்பட்டவர் 'எனக்கு நடந்தது இவனுக்கும் நடக்கட்டும்' என்று நினைக்கும் வாய்ப்பு அதிகம். எந்தப் பேட்ச்சில் இந்தச் சங்கிலியை அறுப்பது என்று சீனியர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தம்பி, தங்கை கல்லூரி சேர்கிறார்கள் என்றால், அட்மிஷன் அன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "வழிகாட்டிகள் குழு இருக்கா? எங்க பிள்ளைக்கு யார் வழிகாட்டி? ஆலோசகர் எந்த நாள், எங்கே இருப்பார்?" பதில் இல்லாவிட்டால், யுஜிசி விதியைச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். முதல் மாதத்தில் "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

நீங்கள் முன்னாள் மாணவர் என்றால், பழைய துறைக்கு ஒரு மெயில் போடுங்கள். வழிகாட்டி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பயிற்சியில் இரண்டு மணி நேரம் பேச முன்வரலாம். சம்பளம், பதவி பற்றிச் சொல்வதைவிட உங்கள் முதல் செமஸ்டர் எப்படிப் போனது என்று சொல்வது அவர்களுக்கு அதிகம் உதவும்.

சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

ராகிங் பற்றிப் புகார் செய்ய, 24 மணி நேரமும்: 1800-180-5522. மன அழுத்தம், தற்கொலை எண்ணம் இருந்தால், இலவசமாகத் தமிழிலும் பேச: 14416. தமிழ்நாட்டில் இந்தச் சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர்.

இந்த இரண்டு எண்களையும் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் ஒருவருக்கு இன்றே அனுப்பி வையுங்கள். அவருக்குத் தேவைப்படாமலே போகலாம். பக்கத்து ரூமில் இருப்பவருக்குத் தேவைப்படும்போது, அவரிடம் அந்த எண் இருக்கும்.